டிஞ்சர் அக்கா போட்ட பட்டணத் திட்டம்

பட்டணத்தை டிஞ்சர் அக்கா அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் அந்தக் காலத்தில் ஏழாயிரம்பண்ணையிலிருந்து விருதுநகர் வரைக்கும் ஒருவர்கூடக் கிடையாது. எழும்பூர் ஸ்டேஷனுக்கு எத்தனை வாசல், எந்த வாசலில் ரிக்‌ஷாக்காரர்கள் தொந்தரவு, எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்தக் குழாயில் வெறும் காற்று வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அவரிடம் வழி கேட்டுக்கொண்டு போகலாம். ஒரே ஒரு குறைதான். அவர் பட்டணத்தைப் பார்த்ததே இல்லை.

எங்கள் ஊரில் மிஷன்காரர்கள் ஒரு சின்ன டிஸ்பென்சரி நடத்திவந்தார்கள். ஒரு அறை, ஒரு பெஞ்சு, ஒரு மருந்து அலமாரி, ஒரு நர்ஸ். அந்த நர்ஸ்தான் டிஞ்சர் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். நெட்டையாக, ஒல்லியாக, வெள்ளைச் சேலையில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருப்பார். நிஜப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எந்த வியாதியோடு போனாலும் முதலில் டிஞ்சர் பாட்டிலைத்தான் எடுப்பார் என்பதால் ஊர் அந்தப் பெயரை மறந்துவிட்டது. காலில் முள் குத்தினால் டிஞ்சர். கொம்பு ஒடிந்த மாட்டுக்கும் டிஞ்சர். தலைவலி என்று போன ஒரு பெரியவர், நெற்றியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பட்டையோடு திரும்பிவந்து, வலி போய்விட்டது என்றே சத்தியம் செய்தார்.

சிரிக்கவே மாட்டார். ஏன் சிரிக்க வேண்டும் என்று கேட்பவர். அவர் முகத்தைப் பார்த்தால் சுகமாக இருப்பவனுக்கும் லேசாகக் காய்ச்சல் அடிக்கும்.

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள், ஊரில் பதிமூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடைப்பட்ட ஏழு பேரைத் திரட்டி, "நாம மெட்ராஸ் பாக்கப் போறோம். ஒரே ஒரு பகல். காலையில இறங்குறோம், சாயந்திரம் ரயிலேறுறோம்" என்று அறிவித்தபோது, ஊர் நம்பவில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. எங்களில் பாதிப்பேர் சிவகாசியையே தேரோட்டத்துக்குத்தான் பார்த்திருந்தோம். அந்த ஏழு பேரும் வெடிக் கம்பெனியிலோ தீப்பெட்டிக் கம்பெனியிலோ வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைகள். ஏழாவது ஆள் நான்.

இது எதற்கான பயணம் என்பது ஏழு பேரில் எனக்கு மட்டும் தெரியும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதினொரு வயதில் வலது கை வெந்துபோயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வேலை பார்த்த வெடிக் கம்பெனியில் வெடிமருந்து அறை ஒன்று தீப்பிடித்துக்கொண்டது. எல்லோரோடும் நானும் வெளியே ஓடிவிட்டேன். ஓடினவள் அப்படியே ஓடியிருக்கலாம். தூக்குவாளியை உள்ளேயே வைத்துவிட்டோமே, அம்மா வைவாளே என்று திரும்பிப் போனேன். உயிர் பிழைத்தது. கை பிழைக்கவில்லை. புண் ஆறும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளங்கையை நோக்கி மடங்கி, எதையோ ஒளித்துவைத்திருக்கிற மாதிரி கை மூடிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடிக்க முடியவில்லை. படிப்பு நின்றது.

அப்போது டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர், கையை எடுத்துவிட்டால் தொந்தரவு இல்லை என்று எங்கய்யாவிடம் சொல்லிவிட்டார். அய்யா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியே வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெரிய ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தால் சோற்றுத்தட்டு பறக்கும்.

மெட்ராஸில் ஒட்டின விரலைப் பிரித்து, வேறு இடத்துத் தோலை வைத்துத் தைக்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று டிஞ்சர் அக்கா கேள்விப்பட்டார். மிஷனின் டாக்டரம்மா மூலமாகக் கடிதம் போட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவரைப் பார்க்க நேரமும் வாங்கிவிட்டார். என்னை மட்டும் கூட்டிப்போனால் அய்யா விட மாட்டார். ஏழு பேரோடு போனால் விடுவார். அதனால்தான் அந்த ஏழு பேர்.

அக்கா என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னார்.

"ஏட்டி பேச்சி, ஒங்கிட்ட நான் மறைக்க மாட்டேன். இன்னும் ஒரு வருசம் போச்சுன்னா எலும்பே இப்படி இறுகிப்போவும். அப்புறம் எந்த டாக்டராலயும் முடியாது. வலிக்கும். வாரியா?"

"எழுத முடியுமாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாது. கேட்டுப் பாப்போம்" என்றார். முடியும் என்று சொல்லியிருந்தால் நான் ஒருவேளை பயந்திருப்பேன்.

அய்யாவிடம் அவர் பேசியதையும் நான் பக்கத்திலிருந்து கேட்டேன். வேதக்காரி பொய் சொல்லக் கூடாது என்பதில் அவர் கெட்டி. ஆகவே பொய் சொல்லவில்லை. "பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டப் போறேன் அண்ணே" என்றார்.

"அம்புட்டுத் தூரம் போயிக் கடலு பாக்கணுமாக்கும்? கூட்டத்துல பிள்ளையைத் தொலைச்சுப்புட்டு வந்து நிக்கமாட்டீகளே நர்சம்மா?"

"ஏழு பேரையும் நம்பர் போட்டுக் கூட்டிட்டுப் போவேன்" என்றார் அக்கா. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து இரண்டே முக்கால் வரை கடல் என்று திட்டத்தில் எழுதியும் வைத்துவிட்டார். மனசாட்சிக்கு முக்கால் மணி நேரம்.

அந்தத் திட்டம்தான் எங்கள் ஊர் சரித்திரத்தில் இடம்பிடித்தது. மூன்று மாதம் போட்டார்.

பட்டணம் போய்வந்தவன் யாராவது மருந்துக்கு வந்தால் தொலைந்தான். லாரி டிரைவர் ஒருவர் முதுகில் கட்டியோடு வந்து குப்புறப் படுத்துவிட்டார். அக்கா கையில் கத்தியை வைத்துக்கொண்டு, "எழும்பூர்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை திருப்பம்?" என்று கேட்டார்.

"மொதல்ல கட்டியைக் கீறி விடுங்கம்மா, உசுரு போவுது."

"மொதல்ல திருப்பம்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பமாகச் சொல்ல, அக்கா அம்மை குத்தின அட்டையின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். பல்வலியோடு வந்த தீப்பெட்டி ஏஜெண்டு பஸ் நம்பர்களைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்து காட்ட முடிந்தது. ஆளுக்கொரு பட்டணத்தைச் சொன்னார்கள். டிரைவர் சொன்ன பட்டணத்தில் லாரி ஷெட்டுகள் மட்டுமே இருந்தன. ஏஜெண்டு சொன்னதில் காப்பி ஓட்டல்கள் மட்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தபோது சமுத்திரம் எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. அக்கா அசரவில்லை. அதை அழித்துவிட்டு, அடுத்த நோயாளிக்காகக் காத்திருந்தார்.

படம் தயாரானதும் ஒத்திகை. கண்மாய் வற்றிக் கிடந்தது. அதில் சுண்ணாம்பால் கோடு போட்டு, "இது பெரிய ரோடு. இது பஸ் ஸ்டாப்பு. இது ஆஸ்பத்திரி வராந்தா" என்று பிரித்தார். மோட்டார்களுக்குப் பதிலாக இரண்டு மாட்டு வண்டிகள். ஜனக்கூட்டத்துக்குப் பதிலாக மேய்ச்சலுக்கு வந்த ஆடுகள். நாங்கள் ஆளுக்கொரு நம்பரோடு, கையைக் கோத்துக்கொண்டு, வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கம் பார்த்து, ஆடுகளைக் கடந்து அக்கரை சேர வேண்டும். இரண்டாம் நம்பர் சங்கிலி. பதினேழு வயது, எங்களில் மூத்தவன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "ஏலே, பராக்குப் பாக்காத!" என்று அக்கா பின்னாலிருந்து கத்துவார்.

"பாக்குறதுக்குத்தானக்கா மெட்ராசுக்கே போறோம்?" என்பான் சங்கிலி.

"ரெண்டு மணிக்குப் பாரு. அதுவரைக்கும் முன்னால போறவ சடையைப் பாரு."

யார் என்ன கேட்டாலும் சொல்வதற்கு ஒரே ஒரு பதில் சொல்லிக்கொடுத்தார்: "எங்கக்கா பின்னாடி வர்றாக." பேர் கேட்டாலும் அதுதான், ஊர் கேட்டாலும் அதுதான். பட்டணத்தில் ஏமாற்றுக்காரர்கள் அதிகம் என்பதால் வேறு எதையும் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. ஒருநாள் விருதுநகருக்குப் போய் ரயில் பெட்டியில் ஏறவும் இறங்கவும் பழக்கினார். நின்ற ரயிலில் ஒரு வாசலில் ஏறி இன்னொரு வாசலில் வரிசையாக இறங்கினோம். மூன்றாம் தடவை கார்டு கொடியை மடக்கிக்கொண்டு வந்து, "நீங்க ரயில்ல போறவங்களா, ரயிலைத் துவைக்கிறவங்களா?" என்று கேட்டார். "எங்கக்கா பின்னாடி வர்றாக" என்றோம் ஏழு பேரும்.

சட்டையைச் சொல்ல மறந்துவிட்டேன். கூட்டத்தில் தொலையாமல் இருக்க எல்லோருக்கும் ஒரே துணி. பளீரென்ற மஞ்சள் பாப்ளின். தையற்காரர் ஒரே பீஸில் ஆண்களுக்குச் சட்டையும் பெண்களுக்கு ஜாக்கெட்டும் வெட்டினார். அக்காகூட அன்று தன் வெள்ளைச் சேலைக்கு மஞ்சள் ரவிக்கை போட்டுக்கொண்டார். ஒன்றரை மைலுக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் நாங்கள் தெரிவோம்.

இத்தனை யோசித்தவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அது அவரே எங்களுக்குப் பழக்கிவிட்ட ஒன்று.

என் கை வெந்த பிறகு அக்கா ஊரிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் நடத்த ஆரம்பித்திருந்தார். வாரம் ஒருமுறை, யாரும் எதிர்பாராத நேரத்தில், காலி மண்ணெண்ணெய் டின்னைக் கட்டையால் ஓங்கி அடிப்பார். சத்தம் கேட்ட அந்த நிமிஷமே கையில் இருப்பதைக் கீழே போட வேண்டும். வெட்டவெளிக்கு ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது. யாராவது எதையாவது கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தால், அது பலகாரமாகவே இருந்தாலும், பிரம்படி உண்டு. மூன்று வருஷத்தில் அது எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை எழும்பூரில் இறங்கினோம். எல்லாம் திட்டப்படியே நடந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. பஸ் வந்தது. ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி இருக்கிற ரோட்டில் இறங்கி வரிசையாக நடந்துகொண்டிருந்தோம். அக்கா முகத்தில், சிரிப்பு என்று சொல்ல மாட்டேன், சிரிப்புக்கு அனுமதி கேட்கிற மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது.

எங்களை ஒட்டிப் போன லாரியின் பின் டயர் வெடித்தது.

அடுத்த நொடி எட்டு பைகள் நடுரோட்டில் கிடந்தன. எட்டு மஞ்சள் உருப்படிகள் ரோட்டைக் குறுக்கே பிளந்துகொண்டு ஓடின. முன்னால் ஓடினவர் டிஞ்சர் அக்கா. சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடிய வேகத்தில் சங்கிலியே பிந்திவிட்டான். எங்களைப் பார்த்து, ஏன் எதற்கென்று கேட்காமல், ஒரு பூக்காரம்மாவும் இரண்டு குமாஸ்தாக்களும் கூடவே ஓடி வந்தார்கள். ரயில்வே லைனை ஒட்டி ஒரு வெற்றுத்திடல் இருந்தது. அதன் நடுவில் போய்த்தான் நின்றோம். அக்கா மூச்சு வாங்க நம்பர் கூப்பிட்டார். ஏழும் இருந்தது.

"ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கலை!" என்றார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, எதைப் பாத்து ஓடுனோம்?" என்று சங்கிலி கேட்ட பிறகுதான் அது டயர் என்பதே எங்களுக்கு உறைத்தது. டாக்டருக்கான கடிதம் பையில் இருக்கிறது என்பதும், பை ரோட்டில் கிடக்கிறது என்பதும் அதற்கப்புறம்தான் உறைத்தது.

திரும்பிப் போனபோது பைகள் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் எட்டையும் பொறுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டிருந்தார். அங்கே போனோம். அவர் எங்கள் சட்டைகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாத்துக்கும்மா பையெல்லாம் போட்டுட்டு ஓட்னீங்க?"

"வெடிச்சுதுங்க" என்றார் அக்கா.

"டயரு தானே வெட்சிது?"

"எங்க ஊர்ல டயர் வெடிக்காதுங்க" என்றான் சங்கிலி.

எந்த ஊர் என்று கேட்டார். எங்களில் நாலு பேர் பழக்கதோஷத்தில், அக்கா முன்னாலேயே நிற்க, "எங்கக்கா பின்னாடி வர்றாக" என்றார்கள். அதோடு விஷயம் சிக்கலாகிவிட்டது. ஒவ்வொரு பையாகப் பிரித்து, ஒவ்வொரு பொட்டலம் புளிச்சோறாக முகர்ந்து பார்த்து, கடிதத்தை இரண்டு பேர் படித்து முடித்து அனுப்பியபோது மணி பன்னிரண்டு.

ஆஸ்பத்திரியில் ஒரு ஊழியர் தன்மையாகவே சொன்னார். டாக்டர் பத்தே முக்கால் வரைக்கும் காத்திருந்தார். இப்போது ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டார். எப்போது வெளியே வருவார் என்று சொல்ல முடியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள்.

அக்கா வராந்தாவில் உட்கார்ந்து, அம்மை அட்டையைப் பிரித்துப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். அதில் இதற்கு ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கு அய்யா என்னை மறுபடி அனுப்பப் போவதில்லை. அடுத்த வருஷம் எலும்பு இறுகிவிடும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நான் அடிச்ச டின்னுதான், பேச்சி" என்றார். "நானே அடிச்ச டின்னு." அந்த மனுஷி அழுது அன்றுதான் பார்த்தேன். சத்தமே இல்லை. முதுகு மட்டும் நேராக இருந்தது.

மற்ற ஆறு பேருக்கும் அப்போதுதான் விஷயமே தெரிந்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கடலுக்குப் போங்க. ரெண்டு மணி பஸ்ஸு. சங்கிலிக்கு வழி தெரியும். நாங்க ரெண்டு பேரும் இங்கன இருந்து பாக்குறோம்" என்றார். மூன்று மாதமாகக் கண்மாயில் ஆடுகளுக்கு நடுவே அவர்கள் நடந்தது அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான். கனி என்கிற பெண், கடல்தண்ணீர் பிடித்துக்கொண்டு போக ஒரு சின்ன பாட்டில்கூடக் கொண்டுவந்திருந்தாள்.

சங்கிலி என் கையைப் பார்த்தான். பிறகு வராந்தாச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

"கடலு எங்கன ஓடிறப் போவுது" என்றான்.

கனி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் மற்றவர்கள். மெட்ராஸில் எங்களுக்கு வாய்த்த ஒரே பகலை அந்த வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து கழித்தோம். புளிச்சோறும் காராச்சேவும் தின்றோம். பராக்குப் பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை.

மூன்றரை மணிக்கு டாக்டர் வந்தார். களைத்துப்போன முகம். வரிசையைப் பார்த்து நின்றுவிட்டார். "இது என்ன, பாண்டு செட்டா?"

அக்கா எழுந்து கடிதத்தை நீட்டினார். டாக்டர் நின்றபடியே என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விரலாக அமுக்கினார். வலித்தது. நான் கத்தவில்லை. நாளைக்கே செய்யலாம், இவளை இங்கே சேர்த்துவிடுங்கள், நாலைந்து வாரம் இருக்க வேண்டும் என்றார்.

"வெட்டிருவீங்களா டாக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"விரலைப் பிரிப்பேன். கையை வெட்ட மாட்டேன்."

"அதைக் கைப்பட எழுதிக் குடுக்கணும்."

டாக்டருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் எங்கள் எட்டுப் பேரையும் இன்னொரு தடவை பார்த்தார். பேனாவை எடுத்து ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு காகிதம் வந்தது. நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் டிஞ்சர் அக்கா, 'அக்கா' என்று எழுதினார்.

"பொய்தானக்கா?" என்றேன், மெதுவாக.

"ஊரே கூப்பிடுது. இதுல என்னட்டி பொய்?" என்றார்.

அப்புறம்தான் மற்ற ஆறு பேரும் தனியாக ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. எந்த ஒத்திகையைப் பார்த்து ஊர் சிரித்ததோ அந்த ஒத்திகை அன்று சோறு போட்டது. பஸ் ஏறி, எழும்பூர் போய், சரியான பெட்டியில் ஏறி, ஆறு பேரும் முழுசாக விருதுநகரில் இறங்கினார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து, கூடப் பெரியவர்கள் யாருமில்லையா என்று கேட்டாராம். "எங்கக்கா பின்னாடி வர்றாக" என்றார்களாம் ஒரே குரலில். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சங்கிலி நம்பர் கூப்பிட்டிருக்கிறான். ஆறு வரைக்கும் பதில் வரும். "ஏழு" என்பான். பிறகு கனி, "ஏழு ஆஸ்பத்திரில" என்று சொல்லிவைப்பாளாம். இதைச் சங்கிலி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டாக்டர் எழுதின சீட்டை அவன் எங்கய்யாவிடம் கொடுத்திருக்கிறான். அய்யாவுக்குப் படிக்கத் தெரியாது. மூன்று பேரிடம் தனித்தனியாகப் படிக்கக் கொடுத்துக் கேட்டுவிட்டு, அப்படியும் நம்பாமல், அடுத்த ரயிலிலேயே கிளம்பிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் வார்டு வாசலில் அய்யா வந்து நின்றார். மூன்று நாள் தாடி. சீட்டு கையில் கசங்கியிருந்தது. என் வலது கை தோள் வரைக்கும் பெரிய வெள்ளைப் பொதியாக இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அய்யா கட்டிலுக்குப் பக்கத்தில் வரவே இல்லை. அங்கிருந்தபடியே கேட்டார்.

"நர்சம்மா, கையி இருக்கா?"

அக்கா எழுந்து நின்றார். "அண்ணே, நான் ஒங்ககிட்ட முழுசாச் சொல்லலை. கடல் காட்டுறேன்னு சொன்னேன், அதையும் காட்டலை. டாக்டர் என்ன செஞ்சாருன்னா..."

"இருக்கா, இல்லியா?"

"இருக்கு. அஞ்சு விரலும் இருக்கு."

பொதியின் நுனியில் என் விரல்களின் நகங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அய்யா வந்து குனிந்து ஒவ்வொரு நகத்தையும் தொட்டுப் பார்த்தார். பெருவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு. மறுபடி முதலிலிருந்து தொட்டார். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். கோபத்தில் போய்விட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து, வேட்டி நுனியால் பிடித்தபடி, சூடான தம்ளர் ஒன்றோடு வந்தார்.

"காப்பி குடிங்க நர்சம்மா. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு ஒங்களுக்கு."

முப்பத்தாறு நாள் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் சாயங்காலத்தில் உப்புக்காற்று வரும். நடக்க முடிந்த பிறகு, ஒருநாள் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்டேன். "அந்த ஆறு பேரும் பாக்கலைல்லா? நாம மட்டும் எப்படிப் பாக்குறது?" என்றுவிட்டார். கட்டுப் பிரித்த அன்று விரல்கள் சிவந்து, தையல் தையலாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தன. ஆனால் தனித்தனியாக இருந்தன. அக்கா பார்த்தார். டிஞ்சர் பாட்டில் எங்கே என்று கேட்டார். அங்கிருந்த நர்ஸ்கள் கொடுக்கவில்லை.

மூன்று நாள் லீவு கேட்டுவிட்டு முப்பத்தாறு நாள் இருந்ததற்கு மிஷனில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. காரியாபட்டிப் பக்கம் ஒரு டிஸ்பென்சரிக்கு மாற்றிவிட்டார்கள். ஊரே பஸ் ஸ்டாப்புக்கு வந்தது. மஞ்சள் சட்டைக்காரர்கள் ஆறு பேரும் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அக்கா பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். என் விரல்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிவிட்டு, "தினமும் நூறு தடவை மடக்கி நீட்டணும். வலிக்குதுன்னு விட்ராத" என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

நாலு மாதம் மடக்கி நீட்டினேன். ஐந்தாவது மாதம் பென்சில் நின்றது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு வரி எழுதினேன். 'அன்புள்ள அக்காவுக்கு, பேச்சி எழுதிக்கொண்டது. நான் பள்ளிக்கூடம் போகிறேன்.' அவ்வளவுதான். அதை எழுதி முடித்தபோது கை மட்டுமில்லை, கழுத்தெல்லாம் வலித்தது.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. பிரித்தால் நாலு பக்கம். நான் கிறிஸ்துமஸுக்குக் காரியாபட்டி வருவதற்கான திட்டம். எந்த பஸ், எந்தப் பக்கத்து சீட், எங்கே தண்ணீர் குடிக்கலாம், எங்கே குடிக்கக் கூடாது, இறங்கினதும் எத்தனை தப்படி என்று எல்லாமே இருந்தது. என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று தேடித் தேடிப் பார்த்தேன். நாலாம் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் ஓரமாகத் திருப்பி எழுதியிருந்தார்.

'உன் கையெழுத்து மகா மோசம். நிறுத்திவிடாதே, எழுது.'

எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா.